பம்ப், வளையம், ஷாக்வேவ்: கேட்டவர்களுக்குப் பதில்

மதுரையில் யூராலஜி வார்டில் 26 வருடம் நர்ஸாக இருந்தவன் நான். ஆண்களுக்கு விறைப்பு வராத பிரச்சினை பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

உசிலம்பட்டி, 54 வயது: அண்ணே, 12 வருஷமாக சுகர். மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் வேக்கம் பம்ப் என்கிறார். அது எப்படி?

ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு பம்ப், சில ரப்பர் வளையங்கள், அவ்வளவுதான். முடியை மழித்துவிட்டு, குழாயின் வாயில் ஜெல்லி தடவி, உறுப்பை உள்ளே விட்டு, உடம்போடு ஒட்ட வைத்தால் காற்று கசியாது. பம்பை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, ரத்தம் இழுபட்டு விறைப்பு வரும். இரண்டு மூன்று அழுத்து, கொஞ்சம் நிறுத்து, மறுபடி அழுத்து. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி அடித்தால் தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்துவிடும். அப்புறம் வளையத்தை அடிப்பக்கம் தள்ளிவிட்டுக் குழாயை எடுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் வளையம் இருக்கவே கூடாது, அதோடு தூங்கிவிடவும் கூடாது. அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

திருமங்கலம்: வீட்டுக்காரருக்கு வளையம் போட்டதும் அந்த இடம் ஜில்லென்று நீலமாகிறது. பயமாக இருக்கிறது அண்ணே.

பயப்படாதே தங்கச்சி. புது ரத்தம் ஓடாததால் அப்படி, கழற்றினால் சரியாகும். விந்து முழுதாக வெளிவராததும் வளையத்தால்தான். வலித்தாலோ மரத்துப் போனாலோ உடனே கழற்றச் சொல்.

மேலூர்: ஷாக்வேவ் 12 சிட்டிங் பேக்கேஜ், நிரந்தரத் தீர்வு என்கிறார்கள். போகலாமா?

பணத்தைக் கட்டாதீர்கள். மெல்லிய அதிர்வைக் கொடுத்தால் புது ரத்தக் குழாய்கள் துளிர்க்கும் என்பது எண்ணம். சிலருக்குப் பலன் தெரிந்த ஆய்வுகளும் உண்டு, ஆனால் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018 வழிகாட்டி இதை ஆராய்ச்சி நிலையில்தான் வைத்தது. ஆராய்ச்சி நிலையில் இருப்பதற்கு எவன் ‘நிரந்தரம்’ என்று உத்தரவாதம் கொடுக்கிறான்? போதாததற்கு, மூட்டு வலிக்கு வைக்கிற, அதிர்வு மேலோட்டமாகவே பரவும் ரேடியல் மெஷினையே இதற்கும் வைக்கிற இடங்கள் இருக்கின்றன.

சோழவந்தான், 61 வயது: ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், நெஞ்சு வலித்தால் நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பேன். எனக்கு மாத்திரையா, பம்பா?

அப்படியென்றால் வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது ஐயா, பிரஷர் அடியோடு இறங்கிவிடும். பம்பில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவீர்களே, தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கட்டலாம். இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாட்டுத்தாவணி பக்கம், 24 வயது: தை மாதம் கல்யாணம். காலையில் நன்றாக வருகிறது, ஆனாலும் பயம். பம்ப் வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. காலையில் வருகிறதென்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘நரம்புத் தளர்ச்சி’ போஸ்டர் படிப்பதை நிறுத்து. சுகரும் பிரஷரும் ஒரு தடவை பார், பம்ப் காசைப் பத்திரிகை அடிக்க வைத்துக்கொள்.