முகங்களைப் படமெடுக்கும் தொழில்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். மனிதர்களைப் படமெடுப்பதே தன் தொழில் என்கிறாள். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. "இதில் அவளுக்கு என்னதான் கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அதை மூடிவைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் உங்கள் மனம் ஆறாது.

முதல் சில ஆண்டுகள் கையைக் கடிக்கும். சம்பளம் போல மாதம் பிறந்ததும் பணம் வந்து நிற்காது. ஒரு மணி நேரம் படமெடுத்தால், படங்களைத் தேர்ந்தெடுக்க, நிறம் சரிசெய்ய, வாடிக்கையாளரிடம் பேச, பாக்கியை வசூலிக்க என்று அதைப்போலப் பல மடங்கு நேரம் போகும். நிறுவன ஊழியர்களின் படங்கள், நடிகர்களும் எழுத்தாளர்களும் கேட்கும் படங்கள் போன்ற வேலைகள் இந்தக் காலத்தைத் தாண்ட உதவும். பிறகு மெல்ல மெல்ல வேர் பிடிக்கும். குழந்தை பிறந்தபோது வந்த குடும்பம், அது பள்ளிக்குப் போகும்போது வரும்; பட்டம் வாங்கும்போதும் வரும். ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிய படம் அடுத்த வீட்டுக்காரரை அழைத்துவரும். கணக்கு எழுதவும், தன் உழைப்புக்கு உரிய தொகையைத் தயங்காமல் கேட்கவும் அவள் இப்போதே பழக வேண்டும். திறமை இருந்தும் இந்தத் தயக்கத்தால் தொழிலை விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் கனக்கிறது.

பணத்துக்கு அப்பால் கிடைப்பதைச் சொல்ல, நேரில் பார்த்த ஒன்றையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு வந்த ஒரு மாணவனை, வேலை எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போனேன். படமெடுத்துக்கொள்ள வந்திருந்தவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். பக்கவாதம் வந்து முகத்தின் இடப்பக்கம் சற்றுத் தொங்கியிருந்தது. கேமராவைப் பார்த்ததும் கை தானாகக் கன்னத்தை மூடியது. அங்கிருந்த பெண் கலைஞர் கால் மணி நேரம் கேமராவைத் தொடவே இல்லை. அவருடைய நாற்காலியை ஜன்னலுக்கு அருகே நகர்த்தி, வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழும்படி திருப்பினார். இருட்டு அதிகமாகாமலிருக்க இடப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினார். "அவ்வளவு சிறிய திருகாணியை எப்படி ஐயா பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். கன்னத்தை மூடியிருந்த கை இறங்கியது. கையில் இல்லாத இடுக்கியைப் பிடித்து, இல்லாத கடிகாரத்தின் மேல் அவர் குனிந்தார். கண்கள் கூர்மையாயின. "இதோ, இப்படி" என்று நிமிர்ந்து பார்த்தார். நான்கைந்து முறை ஷட்டர் சத்தம் கேட்டது.

தொங்கிய கன்னமும் அந்தப் படத்தில் இருந்தது, மெல்லிய நிழலுக்குள். அவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் இப்படித்தான் இருந்தேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "இப்போதும் இருக்கிறேன்" என்றார். ஸ்டுடியோவின் மூலையில் நின்ற எனக்கே கண் கலங்கியது. அந்தக் கலைஞருக்கு அன்று கிடைத்ததை நான் எந்தச் சம்பளப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் என் மாணவன் அந்தக் கலைஞரின் கேமராவில் இருந்த 85 மி.மீ. லென்ஸைப் பற்றியே பேசினான். கடிகாரக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றே எனக்குப் புரிந்தது. இப்போது அவன் விளம்பரங்களுக்காகப் பொருள்களைப் படமெடுக்கிறான், அருமையாக எடுக்கிறான், மகிழ்ச்சியாக இருக்கிறான். அவனுக்கு உரிய இடம் அது.

உருவப்படத் தொழில் மனிதர்களோடு உட்கார்ந்திருக்கும் தொழில். லென்ஸ், ஒளி, ஃபோகஸ் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் யாரும் கற்றுக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவரைச் சில நிமிடங்களில் இயல்பாக இருக்கவைப்பதற்குத்தான் காலம் பிடிக்கும். கனடாவின் புகழ்பெற்ற உருவப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் 1928இல் போஸ்டனில் ஜான் காரோ என்ற உருவப்படக் கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்து அதைக் கற்றார். 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், அப்போதைய பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலைப் படமெடுக்க அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. முதல் நாள் மாலையே விளக்குகளை அமைத்துக் காத்திருந்தார். சர்ச்சில் வாயிலிருந்து சுருட்டை எடுக்கவில்லை. கார்ஷ் அருகில் போய், மரியாதையோடு தானே அதை எடுத்துவிட்டுத் திரும்பிவந்து ஷட்டரை அழுத்தினார். அந்தச் சினந்த முகம்தான் 2016இல் வெளியான பிரிட்டனின் ஐந்து பவுண்டு நோட்டிலும் இருக்கிறது. 1932இல் ஸ்டுடியோ திறந்தவர், அதை மூடியது 1992இல். அறுபது ஆண்டுகள்! வயது ஏற ஏற மனிதர்களைப் படிக்கும் கண்ணும் முதிர்கிற தொழில் இது.

பிரபலங்கள் வந்தால்தான் பெருமை என்று அவள் நினைத்துவிடக் கூடாது. மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டுடியோ திறந்த சேடூ கெய்தா என்ற புகைப்படக் கலைஞரிடம் வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அணிந்துகொள்ள கோட்டும் கைக்கடிகாரமும் அவரே தருவார். அந்த வாடிக்கையாளர் படங்கள்தான் 1990களில் உலகின் பெரிய கண்காட்சிகளில் இடம்பெற்றன. ஒரு தலைமுறை எப்படி உடுத்தியது, எப்படி நிமிர்ந்து நின்றது என்பதற்கு இன்று அவை சாட்சி.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், சாதாரண அடையாளப் படங்களுக்கான வேலை குறைந்துவிட்டது. கன்னத்திலிருந்து அந்தக் கையை இறக்கவைக்கும் வேலை குறையவில்லை.

ஆகவே ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். விலை உயர்ந்த கேமரா இப்போது வேண்டாம், இருப்பதே போதும். அதிகம் பழக்கமில்லாத பத்துப் பேரை, ஆளுக்கு அரை மணி நேரம், ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு படத்தை அச்சிட்டு அவளே கையில் கொடுக்கட்டும். மாலையில் வீடு திரும்பியதும் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். பதினோராவதாக நீங்களே அவள் முன் உட்காருங்கள். அந்தப் பதினொரு படங்களோடு இருவரும் என்னிடம் வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை அன்று பேசுவோம்.