போனில் மெட்டு போட பாக்கெட் சைஸ் வயர்லெஸ் மிடி கீபோர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ரயிலிலும் ஹாஸ்டலிலும் உட்கார்ந்து போனில் மெட்டு போட்டுப் பழகுகிறேன். திரையைத் தட்டித் தட்டி வாசிப்பது அலுத்துவிட்டது. பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக, ஒயர் இல்லாத மிடி கீபோர்டு எது வாங்கலாம்? புளூடூத் என்றால் லேட் ஆகும் என்கிறார்களே, உண்மையா?

தாராளமாக வாங்கலாம். மாடல் பெயர்களுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. கீபோர்டைப் புளூடூத்தில் இணைக்கலாம். ஹெட்போனை இணைக்கக் கூடாது.

மிடி என்பது ஒலி கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான். ஒரு நோட்டுக்கு 3 பைட் போதும். 1983-ல் வந்த பழைய 5 பின் கேபிளில், செகண்டுக்கு 31,250 பிட் வேகத்தில், அந்தக் குறிப்பு போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். புளூடூத்தில் கொஞ்சம் கூடும். கீபோர்டும் போனும் சிறு சிறு இடைவெளி விட்டுத்தான் பேசிக்கொள்ளும். மிடிக்கு அந்த இடைவெளி 15 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒலி காற்றில் 1 மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும்போது காதுக்கு வருகிற தாமதம்தான். மேடையில் வாசிப்பவர்கள் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

புளூடூத் ஹெட்போன் கதை வேறு. அங்கே முழு ஒலியையும் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்க வேண்டும். நடுவில் அறுந்துபோகாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் 150, 200 மில்லிசெகண்ட் சாதாரணமாக ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 பீட் போகிற பாட்டில் ஒரு பீட்டின் நீளமே 500 மில்லிசெகண்ட். 200 தாமதமானால் நீங்கள் வாசித்தது கிட்டத்தட்ட அரை பீட் கழித்துக் காதில் விழும். அப்படி யாராலும் தாளத்தில் வாசிக்க முடியாது. அதே ஹெட்போனில் படம் பார்க்கும்போது இது தெரியாததற்குக் காரணம், ஆப் படத்தையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்திக் காட்டுகிறது. "புளூடூத் மிடி லேட் ஆகுது" என்று புலம்புகிறவர்களிடம் காதில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது வருகிற பல போன்களில் ஹெட்போன் ஜாக் கிடையாது, கீழே ஒரே ஒரு ஓட்டைதான். அதில் கீபோர்டு ஒயரைச் செருகினால் ஹெட்போனுக்கு இடம் இல்லை. ஹெட்போனைச் செருகினால் கீபோர்டுக்கு இடம் இல்லை. இரண்டையும் மாட்ட ஹப் வாங்கினால், ரயில் பெர்த்தில் மடியில் ஒரு ஒயர்க் குவியல். கீபோர்டுக்கு ஒயர் இல்லாமல் இருப்பதன் உண்மையான பயன் இதுதான்: அந்த ஒரே ஓட்டை ஒயர் ஹெட்போனுக்குக் கிடைக்கிறது. அதனால் கீபோர்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சின்னப் பங்கை யூஎஸ்பி-சி ஹெட்போனுக்கோ, அதற்கான கன்வர்ட்டருக்கோ எடுத்து வையுங்கள். நான் கட்டாயம் என்று சொல்வது இந்த ஒன்றைத்தான்.

டிரம்ஸ் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. புளூடூத் தாமதம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவாக இருக்காது. நீங்கள் தட்டிய நொடியில் அடுத்த 'பேச்சு' பக்கத்தில் இருந்தால் உடனே போகும், இல்லாவிட்டால் கொஞ்சம் காத்திருந்து போகும். புளூடூத் மிடியில் ஒவ்வொரு குறிப்போடும் நேர முத்திரை சேர்ந்தே வருகிறது, அதைச் சரியாகப் பயன்படுத்துகிற ஆப்பில் பதிவு ஒழுங்காகவே இருக்கும். ஆனாலும் வேகமான ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டு) உருட்டலை நேரடியாக வாசிக்கும்போது விரலுக்கு ஒரு நெருடல் தெரியும். மெலடி, பேஸ், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எல்லாவற்றுக்கும் இது பிரச்சினையே இல்லை.

சரி, எதை வாங்குவது? 'பாக்கெட் சைஸ்' என்ற சொல்லைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். உண்மையிலேயே சட்டைப் பைக்குள் போகிற கன்ட்ரோலர்கள் கீபோர்டாக இருக்காது. ஆர்டிஃபோன் ஓர்பா கைக்குள் அடங்குகிற உருண்டை வடிவம். மேலே வட்டமாக, விரலால் தட்டுகிற 8 பேட், உள்ளேயே ஸ்பீக்கர், புளூடூத் மிடியும் உண்டு. ரோலி லைட்பேட் பிளாக் உள்ளங்கை அளவு சதுரம். விரலை அழுத்தலாம், இழுக்கலாம், வழுக்கலாம். இரண்டும் அருமையான யோசனைகள். ஆனால் நீங்கள் மெட்டு போடுகிறவர். சரிகமபதநி வரிசையாக விரலுக்குக் கீழே இருப்பதுதான் உங்களுக்கு வேகம் தரும். தவிர, இந்த மாதிரிப் பொருள்கள் அந்தந்தக் கம்பெனியின் ஆப்பை நம்பி இருப்பவை. ரோலி 2021-ல் கடனில் மூழ்கி நிர்வாகம் கைமாறியது. சாதாரண மிடி கீபோர்டுக்கு அந்தக் கவலை இல்லை. செய்தவன் கடையை மூடினாலும் எந்த ஆப்பிலும் வாசிக்கும்.

எனவே 25 கட்டை கீபோர்டுதான் சரி. பைக்குள் லேப்டாப் பக்கத்தில் சொருகிக்கொள்ளலாம்.

கோர்க் நானோகீ ஸ்டுடியோ மிகச் சின்னது, அகலம் 28 சென்டிமீட்டர் அளவில்தான். 25 கட்டை, திருகுகிற 8 நாப், 8 பேட், விரலால் தேய்க்க ஒரு டச் பேட் எல்லாம் அதற்குள்ளேயே. இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். குறை என்னவென்றால் அவை கட்டைகளே இல்லை, கால்குலேட்டர் பொத்தான் மாதிரி இருக்கும். மெதுவாகத் தட்டினால் மெல்லிசு, ஓங்கித் தட்டினால் பெரிசு என்கிற வித்தியாசம் உண்டுதான், ஆனால் பொத்தான் இறங்குகிற ஆழம் குறைவு என்பதால் நடுவில் நிற்கும் அழுத்தம் கைக்கு எளிதில் வராது. பியானோ டோனில் கஷ்டம். நீண்டு ஒலிக்கும் சிந்த் டோன், பேஸ், ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) என்றால் மிகவும் வசதி.

கோர்க் மைக்ரோகீ ஏர் 25-ல் உண்மையான மினி கட்டைகள் இருக்கின்றன. இரண்டு டபுள் ஏ பேட்டரி. கனமும் உயரமும் சற்று அதிகம், நீளம் 40 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் அதிகம் வாசிப்பது இதைத்தான், முக்கியமாக அதன் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன ஜாய்ஸ்டிக்குக்காக.

நம்மூர் மெட்டு என்றால் அந்த ஜாய்ஸ்டிக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். கட்டையில் சுரம் தட்டையாகத்தான் வரும், கமகம் வேண்டுமென்றால் பிட்ச் பெண்ட், அதாவது ஒலிக்கிற சுரத்தை மேலேயும் கீழேயும் வளைக்கிற வசதி, வேண்டும். தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ஜம் 'சி' என்றால் அதன் காந்தாரம் 'டி ஷார்ப்'. அதை அப்படியே அழுத்திப் பிடித்தால் தோடி வராது; காந்தாரம் அசைந்தால்தான் தோடி. பெரும்பாலான ஆப்களில் பெண்ட் அளவு மேலே 2, கீழே 2 அரைச்சுரம் (ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து, ஒரு அரைச்சுரம்) என்றுதான் முதலிலேயே இருக்கும். காந்தாரத்திலிருந்து 2 அரைச்சுரம் ஏறினால் 'எஃப்', அது சுத்த மத்திமம். 2 இறங்கினால் 'சி ஷார்ப்', அது சுத்த ரிஷபம். தோடிக் காந்தாரம் ஆடுகிற எல்லை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வலது கை காந்தாரக் கட்டையில் இருக்க, இடது கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கை மத்திமம் பக்கம் மெல்லத் தள்ளித் தள்ளி விட்டால், அதுவரை பொம்மை மாதிரி ஒலித்த புல்லாங்குழல் டோன் பேச ஆரம்பிக்கும். லைட் மியூசிக்கில் நல்ல கீபோர்டு வாசிப்பவர்களின் இடது கை எந்நேரமும் பெண்ட் வீலிலேயே இருப்பது இதனால்தான். ஆகவே வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பெண்ட் வீல், ஜாய்ஸ்டிக், டச் ஸ்ட்ரிப், ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அகாய் எல்பிகே25 வயர்லெஸ்ஸில் அது கிடையாது. மற்றபடி நல்ல பொருள், ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பியானோ பழகிய கை என்றால் சிஎம்இ எக்ஸ்கீ ஏர் 25. அலுமினியத் தகடு மாதிரி 16 மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் கட்டைகள் முழு அகலம். அழுத்திய பிறகும் மேலே அழுத்தினால் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக அது பதிவாகும், இந்த விலையில் அபூர்வமான வசதி. கட்டை அவ்வளவாக உள்ளே இறங்காது என்பதால் கை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். பட்ஜெட் குறைவு என்றால் எம்-வேவ் எஸ்எம்கே-25 பாருங்கள். மினி கட்டை, பேட், நாப், உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி எல்லாம் சேர்ந்து மற்றவற்றைவிட நிறையக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

ஆர்டர் போடும்போது பெயரில் கவனம் வேண்டும். நானோகீ2 வேறு, நானோகீ ஸ்டுடியோ வேறு. மைக்ரோகீ2 வேறு, மைக்ரோகீ ஏர் வேறு. எக்ஸ்கீ, எக்ஸ்கீ ஏர். எல்பிகே25, எல்பிகே25 வயர்லெஸ், எல்லாமே அப்படித்தான். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், முதலில் சொன்னவை ஒயர் மட்டும்.

அப்புறம் இணைக்கிற முறை. ஐபோனில் புளூடூத் மிடி 2014-ல் ஐஓஎஸ் 8-இலேயே வந்துவிட்டது. எல்லோரும் போகிற வழி போன் செட்டிங்ஸில் புளூடூத் பட்டியல். அங்கே போக வேண்டாம். ஆப்புக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். ஆப்பிளின் மியூசிக் ஆப்பான கராஜ்பேண்டில் பாட்டின் செட்டிங்ஸுக்குள் 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'புளூடூத் மிடி டிவைசஸ்'. கீபோர்டு பெயர் அங்கே வரும், தொட்டால் முடிந்தது. வேறு ஆப்போ வேறு போனோ ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் பெயர் வராது. கீபோர்டை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து மிடி உண்டு. ஆனால் எல்லா ஆப்பும் தானாகப் புளூடூத்தைத் தேடாது. அதற்கு 'மிடி பிஎல்இ கனெக்ட்' என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. முதலில் அதில் கீபோர்டைத் திறந்துவிட்டு, அதை மூடாமல் அப்படியே விட்டு, அதன்பின் உங்கள் மியூசிக் ஆப்பைத் திறந்தால் மிடி பட்டியலில் கீபோர்டு தெரியும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் ஒலித் தாமதம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கீபோர்டு வாங்கும் முன்பே, உங்கள் ஆப்பில் ஒயர் ஹெட்போன் போட்டு, திரையிலேயே ஒரு டிரம்ஸைத் தட்டிப் பாருங்கள். அங்கேயே விரலுக்கும் ஒலிக்கும் இடைவெளி தெரிந்தால் எந்தக் கீபோர்டும் அதைச் சரிசெய்யாது. ஆப் செட்டிங்ஸில் ஆடியோ பஃபரை (ஒலியை அனுப்பும் முன் ஆப் சேர்த்து வைக்கும் அளவு) குறைத்துப் பாருங்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் 256 பஃபர் என்றால் 5 மில்லிசெகண்ட் சொச்சம். அதற்கும் குறைத்து ஒலி வெடித்தால் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் புளூடூத் மிடி வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். கோர்க்கும் எக்ஸ்கீயும் யூஎஸ்பி ஒயரிலும் வாசிக்கும், வீட்டில் அப்படியே செருகிவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பெரிய யமாஹா கீபோர்டு சும்மா கிடந்தால், அதையும் போனோடு ஒயர் இல்லாமல் பேச வைக்கலாம். 5 பின் மிடி ஓட்டை இருந்தால் யமாஹா எம்டி-பிடி01 அல்லது சிஎம்இ விடி மாஸ்டர். யூஎஸ்பி மட்டும் இருக்கிற மாடல் என்றால் யூடி-பிடி01, இதற்குத் தனியாக ஒரு சார்ஜர் வேண்டும். பயணத்துக்கு உதவாது, ஆனால் விடுமுறையில் வீட்டுக்குப் போனால் முழுக் கட்டையில் வாசிக்கலாம்.

பேட்டரி விஷயத்தில் என் ஓட்டு மாற்றிப்போடும் பேட்டரிக்கே. எந்த ஸ்டேஷன் கடையிலும் டபுள் ஏ கிடைக்கும், சார்ஜ் ஆகிற வகையை வாங்கி வைத்தால் செலவும் இல்லை. உள்ளேயே இருக்கும் பேட்டரி சில வருடங்களில் தளர்ந்துவிடும், அதைக் கழற்றி மாற்றித் தரும் ஆளைத் தேடுவது சிரமம். வாசிக்கும்போது பேட்டரி தீர்ந்து இணைப்பு அறுந்தால், அழுத்தியிருந்த நோட் விடாமல் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். விட்ட குறிப்பு போனுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆப்பை நிறுத்தித் திறந்தால் நின்றுவிடும்.

பார்சல் வந்ததும், திருப்பித் தருகிற காலத்துக்குள் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை தட்டி எல்லாம் ஒரே மாதிரி பதில் சொல்கிறதா என்று பாருங்கள். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள், சுருதி பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ நின்றால் யோசிக்காமல் மாற்றி வாங்கிவிடுங்கள்.