ஆறுதானே இயற்கையான எல்லை? காம்பியாவைப் பாருங்கள்

கேள்வி: ஆறுகளும் மலைகளும்தான் நாடுகளுக்கு இயற்கையான எல்லை என்கிறார்கள். அவற்றை ஒட்டியே எல்லை வகுத்திருந்தால் உலகில் பாதிச் சண்டை தீர்ந்திருக்காதா?

தீர்ந்திருக்காது. ‘இயற்கையான எல்லை’ என்பது பெரும்பாலும் பக்கத்து நிலத்தின்மேல் கண் வைத்தவர்கள் எடுத்துவிடும் வாதம். 1793 ஜனவரியில் பாரிஸ் மன்றத்தில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் தாந்தோன் எழுந்து, பிரான்சின் எல்லைகளை இயற்கையே குறித்துவிட்டது, ரைன் நதியும் கடலும் ஆல்ப்ஸும்தான் அவை என்று முழங்கினார். பெல்ஜியத்தைப் பிரான்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பேசிய பேச்சு அது. ரைனின் இரு கரையிலும் அன்று பேசப்பட்டது ஜெர்மன் வட்டார மொழிகள். அந்த ஊர்க்காரர்களுக்கு நதி சரக்குப் போகும் வழி. தங்களைப் பிரிக்கும் கோடா அது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆறு என்ன செய்யும் என்பதைவிட, அதன் முகத்துவாரம் யார் கையில், உள்நாடு யார் கையில் என்பதுதான் முக்கியம் என்பேன். இரண்டும் ஒரே கையில் இருந்தால் ஆறு நாட்டைக் கட்டி வைக்கும். 1802இல் ஸ்பானிய அதிகாரிகள் மிசிசிப்பி முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கர்கள் சரக்கு இறக்கி வைக்கும் உரிமையை நிறுத்தியபோது, ஒஹையோ பக்கத்து விவசாயிகள் கொதித்துப் போனார்கள். அவர்களுடைய மாவும் பன்றி இறைச்சியும் மிசிசிப்பி வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த நகரத்தை மட்டும் விலைபேசப் போன அமெரிக்க அதிபர் ஜெபர்சனின் தூதர்கள், 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானா முழுவதையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

இரண்டும் வேறு வேறு கையில் போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் காம்பியா. உலகப்படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாடு அது, மிகவும் எரிச்சலூட்டுவதும் அதுவே. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு. கடலிலிருந்து கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமோ ஐம்பது கிலோமீட்டருக்குள். மூன்று பக்கமும் செனகல். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உள்நாட்டுப் பகுதியில் ஆறு வளையும் இடத்திலெல்லாம் எல்லைக்கோடும் வில்போல வளைந்து கூடவே வரும். கவராயத்தின் முனையை ஆற்றில் ஊன்றி, பத்துக் கிலோமீட்டர் ஆரத்தில் வளைவு போட்டால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். ஆற்றில் நின்ற பிரிட்டிஷ் கப்பலின் பீரங்கிக் குண்டு விழுந்த இடம்தான் எல்லை என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். கோடு 1889 ஆகஸ்டில் பாரிஸில், மேசைமேல் போடப்பட்டது.

கரூரிலிருந்து பூம்புகார் வரை காவிரிக்கு இருபுறமும் பத்துப் பத்துக் கிலோமீட்டரை வெட்டி எடுத்துத் தனி நாடாக்கி, மிச்சத்தை இன்னொரு நாடாக விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்துக்காரர் மதுரைக்குப் போக நடுவில் இரண்டு முறை கடவுச்சீட்டை நீட்ட வேண்டும்.

பிரிட்டிஷார் 1661இலேயே காம்பியா ஆற்றின் நடுவில் ஒரு தீவுக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். 1816இல் முகத்துவாரத்தில் பாதர்ஸ்ட் என்ற ஊரை நிறுவினார்கள். இன்றைய தலைநகர் பஞ்சூல் அதுதான். கடல் கப்பல்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய் நிலக்கடலை ஏற்றிவரக்கூடிய அருமையான ஆறு. சுற்றியுள்ள நிலமெல்லாம் பிரெஞ்சுக்காரர்களிடம். பிறத்தியார் ஆற்றை நம்பி எப்படி வணிகம் செய்வது? அவர்கள் இன்றைய செனகல் தலைநகரான டாக்கரிலிருந்து கிழக்கே ரயில் பாதை போட்டார்கள். ஒரு நிலப்பகுதிக்கே வாசலாக இருந்திருக்க வேண்டிய ஆறு, பின்புறம் இல்லாத வாசலாகிப் போனது. மாண்டிங்கா, வொலோஃப், ஃபுலா, ஜோலா மக்கள் கோட்டின் இருபுறமும் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தார்கள், மறுபக்கத்தில் பிரெஞ்சு.

இதில் அதிகம் அடிபட்டது செனகலின் தென்பகுதியான கசமான்ஸ். டாக்கரிலிருந்து அங்கே தரைவழியாகப் போக இரண்டு எல்லைச் சாவடி, 2019 வரை நடுவில் படகுத்துறை. லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. வேண்டாமென்றால் தம்பக்கூண்டா வழியாகக் கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. 1982 முதல் அங்கே பிரிவினைப் போராட்டம் நடந்தது. நிலத் தகராறும் வடக்கத்தி அதிகாரிகளின் மேலிருந்த கசப்பும் அதன் பெரிய காரணங்கள். எல்லாப் பழியையும் வரைபடத்தின் மேல் போட மாட்டேன். ஆனாலும் தலைநகருக்குப் போவதையே வேற்று நாட்டைத் தாண்டுவதாக்கிய வரைபடம், ‘நாங்கள் வேறு’ என்ற எண்ணத்துக்குத் தூபம் போடாமல் இருக்குமா?

மிச்சமிருந்தது கடல்வழி. 2002 செப்டம்பர் 26 இரவு, கசமான்ஸின் சிகின்ஷோரிலிருந்து டாக்கருக்குப் புறப்பட்ட ‘லெ ஜோலா’ என்ற அரசுக் கப்பல் காம்பியக் கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. அறுநூறு பேருக்கும் குறைவானவர்களுக்காகக் கட்டிய கப்பல் அது. இறந்தவர்கள் 1,800க்கும் அதிகம். டைட்டானிக்கைவிடப் பெரிய உயிரிழப்பு, நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இரு நாடும் சேர்ந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சேர்ந்து பார்த்தார்கள். 1981 ஜூலையில் காம்பிய அதிபர் ஜவாரா இளவரசர் சார்லஸின் திருமணத்துக்காக லண்டன் போயிருந்தபோது ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. செனகல் படை போய் அதை அடக்கியது. அடுத்த பிப்ரவரியில் செனகாம்பியா கூட்டமைப்பு பிறந்தது, 1989இல் கலைந்தது. மொழி, கொடி என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது காசு. அன்று காம்பியாவில் இறக்குமதி வரி குறைவு. துறைமுகத்தில் இறங்கும் சரக்கு எல்லை தாண்டிச் செனகலுக்குள் போவதில்தான் வணிகர்கள் பிழைத்தார்கள். ஒரே சுங்க வரி என்றால் அந்தப் பிழைப்பு போச்சு. யாரோ போட்ட கோடுதான், நூறு வருடத்தில் அதை நம்பி ஒரு பொருளாதாரமே வளர்ந்துவிட்டது. படகுக் கட்டணத்தைக் காம்பியா உயர்த்துவதும் செனகல் லாரிக்காரர்கள் எல்லையை மறிப்பதும் பலமுறை நடந்தன. ஃபராஃபென்னியில் ஆற்றின் குறுக்கே பாலம் திறந்தது 2019 ஜனவரியில்தான்.

ஆற்றை எல்லையாக்கினால் இன்னொரு தொல்லை, அது நகரும். 1848 உடன்படிக்கை ரியோ கிராண்டே நதியின் நடுவை அமெரிக்க–மெக்சிகோ எல்லையாக்கியது. நதி தெற்கே தள்ளித் தள்ளிப் போய், 1864 வெள்ளத்துக்குப் பிறகு மெக்சிகோவின் சமிசால் பகுதி அமெரிக்க நகரமான எல் பாசோ பக்கம் கிடந்தது. 1911இல் நடுவர் மன்றம் பெரும்பகுதியை மெக்சிகோவுக்குக் கொடுக்கச் சொல்லியும் அமெரிக்கா ஏற்கவில்லை. கடைசியில் 1963இல் ஒப்பந்தம் போட்டு, ஆயிரக்கணக்கானவர்களை வீடு மாற்றி, நதியைக் கான்கிரீட் கால்வாய்க்குள் அடைத்தார்கள்.

மலையையும் கேட்டிருந்தீர்கள். சிலியும் அர்ஜென்டினாவும் 1881இல் ஆண்டிஸ் மலையில், நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை என்று எழுதிக்கொண்டன. தெற்கே போனால் உயர்ந்த சிகரம் ஓரிடத்தில், நீர் பிரியும் இடம் வேறிடத்தில். சிலி நீரைப் பிடித்துக்கொண்டது, அர்ஜென்டினா சிகரத்தை. அர்ஜென்டினாவின் நிபுணர் பிரான்சிஸ்கோ மொரேனோ 1898இல் ஆள்களை வைத்து மண்ணை வெட்டி, பசிபிக் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஃபெனிக்ஸ் என்ற சிற்றாற்றை அட்லாண்டிக் பக்கம் திருப்பிவிட்டார். நீர் பிரியும் கோடு எவ்வளவு அற்பமானது என்று காட்டத்தான்! வழக்கு பிரிட்டிஷ் மன்னரிடம் போய், 1902இல் இருவருக்கும் பங்கு பிரித்துத் தீர்ப்பானது.