வாயுள்ள ஜீவன்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் கோத்தகிரி. சமவெளியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளைப் பராமரிக்கிறேன். போன மாதம் அறுவை செய்த குரங்கு ஒன்று மறுநாள் என் கையிலிருந்து பழம் வாங்கித் தின்றது. குறிப்பேட்டில் ‘வலி இல்லை’ என்று எழுதினேன். வலி மருந்தை நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. “வாயில்லா ஜீவன், அதற்கு என்ன தெரியும்” என்று மூத்தவர் ஒருவர் தேற்றினார். இந்த வேலையே பாவமா? இதை அந்தக் குரங்கே சொல்வதுபோலச் சிறுகதையாக எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வாரமாக என் வீட்டுத் தகரக் கொட்டகையைப் பிரிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கொட்டகையில் முன்பு இரண்டு நாள் இருந்த ஒரு குரங்கு நினைவில் வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பாவ புண்ணியக் கணக்குக்குள் நான் போகவில்லை. நீங்கள் விலகினால் அந்தக் கூண்டுக்கு முன்னால் தூக்கம் கெடாத ஒருவர் வந்து நிற்பார். இருங்கள்.

ஆனால் ‘வாயில்லா ஜீவன்’ என்ற சொல்லை இனி என்னிடம் கொண்டுவராதீர்கள். கோத்தகிரியில் பிறந்தவர் அதைக் கேட்டுத் தேறலாமா? சோலைக்குள் கருமந்தி கத்தினால் எதிர்ச் சரிவில் கேட்கிறது. சிறுத்தையைக் கண்ட நாட்டுக்குரங்கு கூட்டத்தையே மரமேற்றிவிடுகிறது. வாய் நன்றாகவே இருக்கிறது. வலியை மட்டும் அது வெளியே காட்டுவதில்லை. அடிபட்டது தெரிந்தால் சிறுத்தை அதைத்தான் குறிவைக்கும். கூட்டத்திலும் அதன் இடம் பறிபோகும். கூண்டுக்கு முன்னால் நிற்கும் நீங்களும் அதற்குச் சிறுத்தைதான், கையில் பழம் இருந்தாலும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது மின்கம்பியில் அடிபட்ட நாட்டுக்குரங்கு. மண்சரிவால் சாலை அடைபட்டிருந்தது. வண்டி வரும்வரை கொட்டகையில் வையுங்கள் என்றார்கள் வனத்துறையினர். கால்நடை மருத்துவர் போனில் வலி எப்படி என்று கேட்டார். “நிலக்கடலை தின்கிறது, வலி இல்லை சார்” என்றேன். உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் அதே வார்த்தை.

இரவு விறகெடுக்கப் போனவன், தகரத்தில் இருந்த ஆணித் துளை வழியாகப் பார்த்தேன். முதுகை வளைத்து, தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பொசுங்கிய கையை மற்றொரு கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தது. தின்றதாக நான் நினைத்த கடலை கன்னப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றைக்கூட விழுங்கியிருக்கவில்லை. தாழ்ப்பாளைத் தொட்டேன். அந்தச் சிறு ஓசைக்கே தலையைத் தூக்கி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. எனக்காக அது அப்படி நிமிர்ந்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மருத்துவரிடம் மறுபடி பேசினேன். மெலாக்சிகாம் சொன்னார். மருந்து ஏற்றிய மாடு செத்து அதைத் தின்றாலும் மாயாறு பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத வலி மருந்து என்று இங்கே பலரும் அறிந்த பெயர். பழத்தில் வைத்துக் கொடுத்தோம். மறுநாள் அதே துளை வழியாகப் பார்த்தபோது, தொடை ரோமத்தைப் பிரித்துத் தனக்குத் தானே பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

பேசாததற்கு வலிக்காது என்ற நினைப்பு குரங்கோடு நிற்கவில்லை, தம்பி. 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குப் பெயரளவு மயக்கத்தோடு அறுவை செய்தார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் 1987இல், குறைமாதக் குழந்தைகளுக்கு முறையான வலி மருந்து கொடுத்து அறுவை செய்தால் உடல் தாங்கும் அதிர்ச்சி குறைகிறது என்று காட்டிய பிறகுதான் பலர் கண் திறந்தது. இத்தனைக்கும் குழந்தைகள் வாய்விட்டு அழக்கூடியவை!

உங்கள் மூத்தவரிடம் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். சோதனையில் கவனமும் இரக்கமும் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மனிதனுக்கு வலிக்கும் அறுவை குரங்குக்கும் வலிக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். முதல் மருந்து கத்தி படுவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். அடுத்தது கடிகாரத்தைப் பார்த்து. குரங்கின் முகத்தைப் பார்த்து அல்ல. புப்ரெனார்பின் என்ற வலி மருந்தின் சாதாரண ஊசி சில மணி நேரம்தான் தாங்கும், இரவு முறைக்காரர் தூங்கிவிட்டால் விடியும்வரை அந்த விலங்கு தனியே கிடக்கும். கூண்டுக்கு எதிரே ஒரு கேமராவை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். அறுவைக்கு முந்தைய வாரமே ஒவ்வொன்றும் எப்படி உட்காரும், எந்தக் கையால் வாங்கும், எவ்வளவு நேரம் பேன் பார்க்கும் என்று எழுதி வைத்தால்தான் பிறகு எது மாறியது என்று தெரியும்.

சிறுகதை கேட்டிருந்தீர்கள். குரங்கு பேசுவதுபோல இப்போது எழுத வேண்டாம். நாளைக் காலை அந்தக் குறிப்பேட்டைத் திறந்து, ‘வலி இல்லை’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்: ‘என் முன்னால் பழத்தை வாங்கியது. நான் போன பிறகு என்ன செய்தது என்று பார்க்கவில்லை.’ கீழே கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்.