2.4 லட்சம் நஷ்டம்: படிப்புச் செலவா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். சம்பளம் 68,000 ரூபாய். 14 மாதமாக நிஃப்டி ஆப்ஷனில் (பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று ஊகித்து வாங்கி விற்கும் ஒப்பந்தம்) தினமும் ஆறு டிரேடு போடுகிறேன். 2.4 லட்சம் போய்விட்டது. அதில் ஒரு லட்சம் பர்சனல் லோன். ஆனால் என் அவசரமும் பயமும் எனக்கே தெரிய வந்தது டிரேடிங்கால்தான். படிப்புச் செலவாக நினைத்துத் தொடரலாமா?

பதில்: முதலில் தரகுக் கணக்கு. ஆர்டருக்கு 20 ரூபாய் என்றால், வாங்கி விற்க 40. ஆறு டிரேடுக்கு 240, மாதம் 20 நாளுக்கு 4,800. 18% ஜிஎஸ்டி சேர்த்து 5,664. பதினான்கு மாதத்துக்கு 79,296 ரூபாய். எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை தனி. நஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பயத்தாலோ பேராசையாலோ போனதல்ல. அடிக்கடி பட்டனை அழுத்தியதால் போனது.

உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒரு ரூபாய்கூட போட வேண்டாம். புரோக்கர் தளத்தில் டிரேடுபுக்கை (உங்கள் டிரேடுகளின் பட்டியல்) எக்செல்லாக இறக்குங்கள். ஒவ்வொரு டிரேடும் நடந்த நேரம் அதில் இருக்கும். நஷ்டத்தில் முடிந்த டிரேடுக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் போட்டவற்றை ஒரு நிறத்தில் குறியுங்கள். வழக்கத்தைவிட அதிக லாட் (ஆப்ஷன் விற்கப்படும் தொகுப்பு) எடுத்தவற்றுக்கு இன்னொரு நிறம். எக்ஸ்பைரி நாள் (ஒப்பந்தம் முடியும் நாள்) பிற்பகல் டிரேடுகளுக்கு மூன்றாவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

நிறம் விழுந்தவற்றில்தான் பெரும் நஷ்டம் என்றால், குறை உங்கள் பழக்கத்தில். நிறம் விழாதவையும் செலவு போக நஷ்டமா? அப்படியானால் உத்தியே தோற்கிறது. எவ்வளவு பொறுமை பழகினாலும் அது ஜெயிக்காது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, உத்தியின் ஓட்டையை அடைக்க மனக்கட்டுப்பாட்டுப் பயிற்சி வகுப்புக்கு வேறு பணம் கட்டுகிறார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வின்படி 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம். அத்தனை பேருக்குமா மன உறுதி இல்லை?

ஆகவே தொடர வேண்டாம். புரோக்கரிடம் எஃப் அண்ட் ஓ பிரிவையே முடக்கச் சொல்லுங்கள். செயலியில் இருக்கும் கில் ஸ்விட்ச் (டிரேடிங்கை நிறுத்தும் வசதி) தற்காலிகத் தடைதான், மறுநாளே திறந்துவிடலாம். டிரேடிங் கணக்கில் மிச்சம் இருந்தால் லோனுக்குக் கட்டுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லோன் அடைந்து, ஆறு மாதச் செலவுக்கான பணமும் கையில் சேர்ந்த பிறகும் ஆசை இருந்தால், நிஃப்டி இடிஎஃப் (நிஃப்டிப் பங்குகளை வைத்திருக்கும், சந்தையில் வாங்கக்கூடிய ஃபண்ட்) ஒரு யூனிட் மட்டும், டெலிவரியில் (அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறை) வாங்குங்கள். காசு போடாமல் பேப்பரில் எழுதிப் பழகினால் பயம் வராது; சில நூறு ரூபாய் போட்டால் கொஞ்சமாவது வரும். வாங்கும் முன்பே காரணம், எந்த விலையில் வெளியேறுவது, அப்போதைய மனநிலை மூன்றையும் எழுதிவிடுங்கள். விற்ற பிறகு எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் எழுத வரும்.

வரியை மறக்காதீர்கள். எஃப் அண்ட் ஓ நஷ்டம் வணிக நஷ்டம். வருமான வரி ரிட்டர்னில் ஐடிஆர்-3 படிவத்தில் காட்ட வேண்டும். சம்பளத்தில் கழிக்க முடியாது. வட்டி, வாடகை வருமானத்தில் அதே ஆண்டில் கழிக்கலாம். மிச்சத்தை எட்டு ஆண்டு வரை வணிக வருமானத்துக்கு எதிராகக் கொண்டுபோகலாம், கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால். சென்ற முறை, வணிக வருமானத்துக்கு இடமில்லாத ஐடிஆர்-1 போட்டிருந்தால் திருத்திய ரிட்டர்ன் பற்றி இந்த வாரமே ஆடிட்டரிடம் பேசுங்கள்.