இரண்டாம் பாதியில் சிரிப்பு நின்றுபோவது ஏன்?

உங்கள் காதல் நகைச்சுவைத் திரைக்கதையின் சிக்கல் 82ஆம் பக்கத்துப் பிரிவுக் காட்சியில் இருக்கிறது, நீங்கள் சந்தேகப்படும் ஜோக்குகளில் இல்லை. நாயகன் வேறொரு பெண்ணோடு பேசுவதைப் பார்த்து நாயகி கோபித்துக்கொண்டு போகிறாள். ஒரே போன் காலில் தீரும் சண்டை அது. உண்மை நமக்கு முன்பே தெரியும் என்பதால், அடுத்த 20 நிமிடமும் 'ஒரு வார்த்தை கேட்டுவிடேன்' என்றே காத்திருப்போம். சிரிப்பு வராது.

பிரிவு குணத்திலிருந்து வரவேண்டும். விதை உங்கள் கதையிலேயே இருக்கிறது: பஸ்ஸைத் தவறவிடும் காட்சியில், தவறு தன்னுடையதாக இருந்தும் பொய் சொல்லிச் சமாளிக்கிறானே, அதுதான். (அருமையான காட்சி, அதில் கை வைக்காதீர்கள்.) அதே பழக்கத்தால், அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்த கடிதத்தை அவன் மறைத்தால்? எதற்குச் சிரித்தோமோ அதுவே காயப்படுத்தும். அதற்கு விளக்கம் போதாது, அவனே மாறியாக வேண்டும்.

சோதிக்க ஒரு வழி: 60ஆம் பக்கத்திலிருந்து காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள்? நாயகனும் நாயகியும் சேர்ந்து வராத காட்சிகள் வரிசையாக நாலைந்து இருந்தால் தொய்வு அங்கேதான். நண்பனின் காமெடியை வைத்து அதை அடைக்கப் பார்க்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். கடிதத்தை அவன் இரண்டு நாள் மறைத்தால் மன்னிக்கலாம். வேலையே கைநழுவிப்போனால் கடைசிக் காட்சியில் அவர்கள் சேர்வதை யாரும் விரும்பமாட்டார்கள்.