ஜூன் விடுமுறையில் நார்வே போனால் வடதுருவ ஒளி (இரவு வானில் ஆடும் அரோரா) தெரியுமா? இல்லையென்றால் எப்போது, எங்கே போகலாம்?

தெரியாது. டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்றால் மன்னிக்கவும். நார்வேயின் வடக்கே இருக்கும் ட்ரோம்சோ ஊரில் ஏறக்குறைய மே 20இலிருந்து ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. ஒளி மேலே ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பட்டப்பகலில் மத்தாப்பு கொளுத்தினால் யார் கண்ணுக்குத் தெரியும்? செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் அதற்குக் காலம்.

பிள்ளைகளின் விடுமுறையை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் லீவைப் பார்த்து நாள் குறித்துத்தான் ஏமாந்தோம். 2023இல் தைப்பூசம் பிப்ரவரி 5. அந்த விடுமுறையோடு நாலு நாள் சேர்த்து, பினாங்கிலிருந்து நானும் மனைவியும் கிளம்பினோம். தைப்பூசம் என்றால் பௌர்ணமி. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறியே வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும், பணம் கட்டும்போது மண்டையில் உறைக்கவில்லை. முழு நிலா அடித்தால் மங்கலான ஒளியெல்லாம் கரைந்துபோகும்.

ட்ரோம்சோவில் இருந்தது மூன்றே இரவு. முதல் இரண்டும் மேகம். ஏஜென்ட் 'கேபி எண் நாலு, கண்டிப்பாகப் பார்ப்பீர்கள்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று சொல்லும் எண். அந்த ஊருக்குக் கேபி ஒன்று, இரண்டே போதும், இந்த ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கூத்து நடப்பது நூறு கிலோமீட்டர் உயரத்தில். நடுவே மேகம் திரை போட்டால் எண்ணை வைத்து என்ன செய்ய? மாமியாரோ, பால்குடம் எடுக்காமல் ஊரைவிட்டுப் போனதற்கு முருகன் காட்டிய கோபம் என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மூன்றாவது இரவு வேன்காரர் பின்லாந்து எல்லைப் பக்கம் கில்பிஸ்யார்வி வரை ஓட்டினார். கடல் ஈரத்தை மலைகள் தடுத்துவிடுவதால் அங்கே வானத்தில் மேகம் இல்லை. வடக்கே விபூதியைக் குழைத்து இழுத்த மாதிரி ஒரு பட்டை. "இதுக்கா இருபதாயிரம் வெள்ளி?" என்றாள் மனைவி. கைப்பேசியில் எடுத்தால் அதே பட்டை பச்சைப்பசேல். ஒளி மங்கலாக இருந்தால் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமரா சில விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. பிறகு பத்து நிமிடம் அந்தப் பட்டை உதறி எழுந்து ஆடியது. அப்போது கண்ணுக்கே பச்சை. அவள் பேசவில்லை.

குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டால், 'எடிட்டா?' என்று கேட்டார்கள். இங்கேயும் யாராவது கேட்பீர்கள், கேளுங்கள்.

நீங்கள் போனால் மாசி அமாவாசையையோ, மார்ச்சுக்குள் வந்தால் பங்குனி அமாவாசையையோ ஒட்டிப் போங்கள். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகிற சமயத்தில் இந்த ஒளியைத் தூண்டும் காந்தப்புயல் வருவது கொஞ்சம் அதிகம். ஐந்து இரவாவது தங்குங்கள். சுவீடனில் அபிஸ்கோவும் மழை குறைந்த இடம் என்பார்கள், நான் போனதில்லை. நம் மலேசிய பாஸ்போர்ட்டுக்கு இந்த நாடுகளில் சுற்றிப்பார்க்க விசா தேவையில்லை. உங்களுக்கு வசதி இல்லையா என்று கேட்காதீர்கள், நாங்கள் மூன்று வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம்.

குளிர் ஜாக்கெட்டை வாங்காதீர்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது. நான் வாங்கினேன். கேமரன் மலைக்குப் போட்டுப் போகிறேன் என்று மச்சான் வாங்கிப் போனார். நம் ஊர்க் கேமரன் மலைக் குளிருக்கு அது எதற்கு? இன்னும் திருப்பித் தரவில்லை.